இரண்டாவது முறையாக இடைநிலை ஆசிரியை

என்னிடம் இருந்தது டி.டி.எட். மட்டும்தான். பிளஸ் டூ முடித்த கையோடு மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில், எல்லோரும் சொல்கிறபடி டயட்டில், இரண்டு வருடம் படித்து வாங்கிய பட்டயம். நாமக்கல் பக்கத்தில் எங்கள் குடும்பத்துக்கு அது பெரிய விஷயம். அப்பா அதை லேமினேட் பண்ணி பீரோவில் பூட்டி வைத்திருந்தார். கலிபோர்னியாவில் அதற்கு என்ன மதிப்பு என்றால், ஏறக்குறைய ஒன்றுமில்லை. இங்கே பொதுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏ, பி, சி சொல்லிக்கொடுக்கவும் இளநிலைப் பட்டம் வேண்டும். பட்டத்துக்கு மேல் மாநிலம் தருகிற ஆசிரியர் உரிமமும் வேண்டும்.

இப்போது சான் ஹொசே பகுதியில் ஒரு பொதுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். நடுவில் கம்யூனிட்டி காலேஜ் என்கிற இரண்டு வருட அரசுக் கல்லூரி, அங்கிருந்து மாறிப் போன பல்கலைக்கழகம், அதற்கப்புறம் உரிமப் பயிற்சி என்று வருடங்கள் ஓடின. பொங்கல் விழாவிலும் கோயிலிலும் பார்க்கிற பெண்கள், “நீங்க எப்படிங்க டீச்சர் ஆனீங்க? நானும் ஊர்ல டீச்சர்தான்” என்று கேட்கிறார்கள். பிரசாதத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லி முடிக்கிற கதை இல்லை இது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் பி.ஏ., பி.எஸ்ஸி. முடித்தவர்கள் இந்தச் சுற்றுவழியில் வர வேண்டியதில்லை. பட்டத்தை மதிப்பீட்டு நிறுவனத்தில் கொடுத்து, அமெரிக்க இளநிலைப் பட்டத்துக்கு நிகர் என்று சான்று வாங்கினால் நேரே உரிமப் படிப்பில் சேரலாம். மூன்று வருடப் பட்டம் என்றால் சில இடங்களில் இழுத்தடிப்பார்கள், ஆனாலும் வழி இருக்கிறது. நான் சொல்லப்போவது பட்டயத்தோடு நின்றவர்களுக்கும், கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு விமானம் ஏறியவர்களுக்கும்.

நான் டயட்டில் சேர்ந்தது 2006இல். அப்போது தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் பெரிய மாற்றம் நடந்துகொண்டிருந்தது. 2003 வாக்கில் எம்.பி. விஜயகுமார் ஐ.ஏ.எஸ். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08இல் மாநிலம் முழுவதற்கும் வந்துவிட்டது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. எந்தப் பாடத்துக்கு அடுத்து எது என்று காட்டும் ஏணிப்படி அட்டையைப் பார்த்து, தன் படிக்குரிய படம் போட்ட கற்றல் அட்டையைப் பிள்ளையே தேடி எடுத்துக்கொண்டு வரும். டீச்சரும் தரையில்தான் உட்கார வேண்டும். கற்பித்தல் பயிற்சிக்கு நாங்கள் போன ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஒரு மூத்த ஆசிரியை, “முப்பது வருஷமா நின்னுட்டே பாடம் எடுத்தேன், இப்ப முட்டி வலியோட கீழ உட்காரச் சொல்றானுங்க” என்று தினமும் திட்டுவார். திட்டிக்கொண்டே உட்காருவார். அவரைச் சுற்றித்தான் பிள்ளைகள் அதிகம் இருக்கும்.

படிப்பு முடிந்ததும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, பதிவு மூப்பு வரட்டும் என்று காத்திருந்தோம். வயிற்றுப்பாட்டுக்கு ஒரு மெட்ரிக் பள்ளியில் வேலை. 2012இல் தகுதித் தேர்வு வந்தது. 150க்கு 90 எடுக்க வேண்டும். அந்த முதல் தேர்வை எழுதிய லட்சக்கணக்கானவர்களில் தேறியவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. தேறாத பெருங்கூட்டத்தில் நானும் ஒருத்தி. அதற்கடுத்த வருடம் கல்யாணம், எச்-4 விசா, கலிபோர்னியா.

எச்-4 என்பது இங்கே வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குத் தரும் விசா. அதில் வேலை செய்யக்கூடாது, படிக்கலாம். இது பலருக்குத் தெரிவதில்லை. கணவரின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டம் தாண்டினால் மனைவிக்கு வேலை அனுமதி கிடைக்கும் என்ற விதி 2015 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. எனக்கு அந்த வேலை அனுமதி அட்டை வந்தபோது எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: “டெஸ்டிங் கோர்ஸ் பண்ணு.” மூன்று மாதப் பயிற்சி, அப்புறம் ஐ.டி. வேலை. சிலிக்கான் வேலியில் தமிழ்ப் பெண்ணுக்கு வேறு வழியே இல்லை என்பது போலப் பேசுவார்கள். நானும் இரண்டு வாரம் போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் பிழை கண்டுபிடிப்பதில் எனக்கு ஒரு ஆர்வமும் வரவில்லை. அந்தக் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு தொடக்கப் பள்ளி இருந்தது. இடைவேளை மணி அடித்தால் என் கண் அங்கேதான் போகும்.

கம்யூனிட்டி காலேஜைப் பற்றி நம் ஆட்களுக்கு ஒரு இளக்காரம் உண்டு. பிள்ளை அங்கே சேர்ந்தான் என்றால் துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்பார்கள். விஷயம் தெரிந்தால் அப்படிக் கேட்க மாட்டார்கள். உயர்நிலைப் பள்ளிகளே மேல்படிப்பு நடத்தலாம் என்று கலிபோர்னியா 1907இல் சட்டம் போட்டது. 1910இல் ஃப்ரெஸ்னோவில் முதல் கல்லூரி தொடங்கியது. 1960இல் வந்த உயர்கல்வித் திட்டம் மூன்று அடுக்கு வகுத்தது. மதிப்பெண்ணில் முதல் எட்டில் ஒரு பங்கு மாணவர்களுக்கு யு.சி. என்கிற கலிபோர்னியா பல்கலைக்கழகம், முதல் மூன்றில் ஒரு பங்குக்குக் கலிபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி, கம்யூனிட்டி காலேஜ் எல்லோருக்கும். எல்லோருக்கும் என்றால் நிஜமாகவே எல்லோருக்கும். 18 வயது ஆகியிருந்தால் மதிப்பெண் கேட்காமல் சேர்த்துக்கொள்வார்கள். இன்றைக்கு மாநிலத்தில் 116 கல்லூரிகள். 1984 வரை கட்டணமே கிடையாது. அந்த வருடம்தான் யூனிட்டுக்கு, அதாவது பாடத்தின் அளவைக் கணக்கிடும் புள்ளி ஒன்றுக்கு, 5 டாலர் என்று ஆரம்பித்தார்கள். 2012 கோடையிலிருந்து 46 டாலர். மூன்று யூனிட் பாடம் ஒன்றுக்கு 138 டாலர். அறுபது யூனிட்டுக்கும் கணக்குப் போட்டால் 2,760 டாலர்.

இது மாநிலவாசிக்கான கட்டணம். வெளியாள் என்றால் பல மடங்கு ஆகும். ஓராண்டும் ஒரு நாளும் கலிபோர்னியாவில் குடியிருந்ததற்குக் காகிதம் காட்ட வேண்டும். எச்-4 விசாவில் இருப்பவர்களும் காட்டலாம். வாடகை ஒப்பந்தம், மாநில வருமான வரிப் படிவம், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றிலும் உங்கள் பெயர் இருக்க வேண்டும் என்பதுதான் இதில் சிக்கல். நம் வீடுகளில் எல்லாமே கணவர் பெயரில் இருக்கும். நான் சேர்வதற்கு ஒரு வருடம் முன்பே கரன்ட் பில்லை என் பெயருக்கு மாற்றினேன். “எதுக்கு இப்ப இது?” என்று அவர் கேட்டார். காரணம் சொன்னதும் தண்ணீர் பில்லையும் சேர்த்து மாற்றிக் கொடுத்தார்.

2018 ஆகஸ்டில் சேர்ந்தேன். அப்போது தரநிர்ணயத் தேர்வு ஒன்று இருந்தது. அதில் ஆங்கிலத்தில் கல்லூரி நிலைக்கு ஒரு படி கீழே என்னைப் போட்டார்கள். கணக்கில் தப்பித்தேன். அந்தக் கீழ்ப்படி வகுப்புகளில்தான் நிறையப் பேர் சலித்துப்போய் நின்றுவிடுவார்கள். அதனால்தான், தக்க காரணம் இல்லாமல் யாரையும் அந்த வகுப்புகளில் தள்ளக்கூடாது என்று மாநிலம் சட்டம் கொண்டுவந்தது. 2019 இலையுதிர் பருவத்துக்குள் எல்லாக் கல்லூரிகளும் மாற வேண்டியிருந்தது. எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கு ஒரு செமஸ்டர் மிச்சம். எனக்கு அந்த வகுப்பு வீண் போகவில்லை என்றாலும், சட்டம் சரியான சட்டம்.

மாலை வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள்: பத்தொன்பது வயதுப் பெண்கள் ஏழெட்டுப் பேர், பள்ளியில் உதவியாளராக வேலை பார்க்கும் மெக்சிகோவைச் சேர்ந்த ஒரு அம்மா, பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர், இரவு வேலைக்கு நேரே போக யூனிஃபார்மோடு வரும் ஒரு பையன். இந்த வயதில் எதற்குப் படிப்பு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஊரில் மட்டுமில்லை, இங்கே நம் வட்டத்திலும் வாரம் ஒருவர் கேட்டார்கள்.

இனி அந்த மாற்ற ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும், முழு வழியும் அதன் மேல்தான் நிற்கிறது. கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடப் பாடம் முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் சேர்வது பழைய வழக்கம்தான். ஆனால் ஒரு பல்கலைக்கழகம் ஏற்கிற வரலாற்றுப் பாடத்தை இன்னொன்று ஏற்காது. படித்ததையே திரும்பப் படிக்க வேண்டும். இதைச் சரிசெய்ய 2010இல் எஸ்.பி. 1440 என்ற சட்டம் வந்தது. குறிப்பிட்ட பாடங்களில் 60 யூனிட் முடித்து மாற்றத்துக்கான இணைப் பட்டம் (கம்யூனிட்டி காலேஜ் தரும் இரண்டு வருடப் பட்டம்) வாங்கினால் ஸ்டேட் யுனிவர்சிட்டி அமைப்பில் ஏதாவது ஒரு வளாகத்தில் இடம் உறுதி. அங்கே இன்னும் 60 யூனிட்டுக்கு மேல் கேட்கக்கூடாது. ஜோலார்பேட்டையில் வண்டி மாறினாலும் ஊர்வரைக்கும் ஒரே டிக்கெட் செல்லும் என்பது போல. தொடக்கப்பள்ளி ஆசிரியர் கல்விக்கென்றே அப்படி ஒரு இணைப் பட்டம் இருக்கிறது. நான் படித்தது அதைத்தான்.

டிக்கெட் ஒன்று என்றாலும் வண்டி மாறும் இடத்தில் கூட்டம் தொலைந்துவிடுகிறது என்பதையும் மறைக்கக்கூடாது. பல்கலைக்கழகத்துக்கு மாற வேண்டும் என்று சொல்லிச் சேர்ந்தவர்களில், நான்கு வருடத்துக்குள் உண்மையில் மாறியவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் என்று மாநிலத் தணிக்கை அலுவலகம் 2024இல் அறிக்கை கொடுத்தது. வேலை, பிள்ளை, வாடகை, இவை ஒரு பக்கம். தப்பான ஆலோசனை இன்னொரு பக்கம். எனக்கு முதல் வருடம் பார்த்த ஆலோசகர் ஒருவர் ஆய்வகம் இல்லாத நிலவியல் வகுப்பைக் கைகாட்டினார். இந்தப் பட்டத்துக்கு ஆய்வகத்தோடு சேர்ந்ததுதான் செல்லும். அஸிஸ்ட் என்கிற இணையதளத்தில் எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் எதற்கு ஈடு என்று முழுதாகப் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்ததில் கடைசி நாளுக்குள் வகுப்பை மாற்ற முடிந்தது. ஆலோசகரைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பார்ப்பதற்கு முன்னால் அஸிஸ்டைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

சரி, பாடங்கள். உயிரியல், இயற்பியலும் வேதியியலும் கலந்த ஒரு பாடம், நிலவியல், அமெரிக்க வரலாறு, உலக வரலாறு, உலகப் புவியியல், அமெரிக்க அரசாங்கம், ஆங்கிலக் கட்டுரை, இலக்கியம், மேடைப் பேச்சு, குழந்தை வளர்ச்சி, தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கான கணிதம். கற்பிக்கும் முறை என்று பார்த்தால் ஒரே ஒரு அறிமுகப் பாடம்தான். எனக்கு இது தலைகீழாகப் பட்டது. டயட்டில் நாங்கள் முதல் நாளிலிருந்தே கல்வி உளவியல், கற்பித்தல் உபகரணம், பாடத்திட்டக் குறிப்பு என்று போவோம். பதினேழு வயதில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று படித்தோம். எதைச் சொல்லிக்கொடுக்கிறோம் என்பது பத்தாம் வகுப்பில் படித்ததோடு சரி.

இங்கே இப்படி இருப்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1957இல் ரஷ்யா ஸ்புட்னிக்கை விட்டதும் அமெரிக்கப் பள்ளிகள் மேல் பழி விழுந்தது. ஆசிரியர்களுக்குப் பாடம் தெரியவில்லை, போதனா முறை மட்டும்தான் தெரிகிறது என்றார்கள். கலிபோர்னியா 1961இல் ஒரு சட்டம், 1970இல் ரையன் சட்டம் என்று கொண்டுவந்து, கல்வியியலை முதன்மைப் பாடமாக எடுத்து ஆசிரியர் ஆவதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. முதலில் ஒரு துறையைப் படி, பிறகு தனியாகப் பயிற்சி எடு என்பது ஏற்பாடு. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த லியோ ரையன் தானும் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பின்னாளில் காங்கிரஸ் உறுப்பினராகி, 1978இல் கயானாவில் ஜோன்ஸ்டவுன் மதக்குழுக் கும்பலால் சுட்டுக் கொல்லப்பட்டவரும் அவரேதான். கல்வியியல் பட்டத்துக்கு இருந்த அந்தத் தடையை 2017இல் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் பாடங்களின் அமைப்பில் பழைய நினைப்பு அப்படியே இருக்கிறது.

அந்த நினைப்பு எவ்வளவு சரி என்பது கணித வகுப்பில்தான் எனக்கு உறைத்தது. பாடத்தின் பெயரைப் பார்த்து, கூட்டல் கழித்தல்தானே என்று எல்லோரும் இளைப்பாறுகிற முகத்தோடு வந்து உட்கார்ந்தோம். பேராசிரியை முதல் நாளே எங்களிடமிருந்து பத்தைப் பிடுங்கிவிட்டார். இனி ஐந்தடிமானத்தில் எண்ண வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, அதற்கடுத்து ஒன்று-பூஜ்யம். நான்கும் மூன்றும் கூட்டினால் ஒன்று-இரண்டு. பதின்மூன்று பொத்தான்களைக் கொட்டி, ஐந்தைந்தாகக் கட்டச் சொன்னார்: இரண்டு கட்டு, உதிரி மூன்று, ஆக இரண்டு-மூன்று. பேருந்து ஓட்டுநர் ஐயா விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, “ஒரு கைக்காரர்களின் ஊர்” என்றார். வகுப்பே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் பேராசிரியை சொன்னார்: ஆறு வயதுப் பிள்ளைக்கு நம்முடைய பத்து இப்படித்தான் இருக்கும், உங்களுக்கு இப்போது வரும் தலைவலிதான் அதற்கும் வரும். மெட்ரிக் பள்ளியில் “கடன் வாங்கு, கடன் வாங்கு” என்று நான் கத்தியபோது பிள்ளைகள் ஏன் விழித்தார்கள் என்று அன்றைக்குப் புரிந்தது.

இன்னொரு நாள் பலகையில் ஒரு கணக்கை எழுதினார். ஒன்றே முக்காலை அரையால் வகுக்க வேண்டும். விடை முக்கியமில்லை, இந்தக் கணக்கு வரும்படி ஒரு கதை எழுதுங்கள் என்றார். விடை எனக்கு நொடியில் வந்துவிட்டது. தலைகீழியால் பெருக்கு, மூன்றரை. எட்டாம் வகுப்பிலிருந்து கையில் ஊறின வித்தை. கதை வரவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து, ஒன்றே முக்கால் பீட்சாவை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்று சொன்னாள். பாதி வகுப்பு தலையாட்டியது. அது இரண்டால் வகுப்பது. பேராசிரியை எதுவும் பேசாமல் ஒரு அரை கப் அளவையையும் ஒரு கிண்ணம் மாவையும் மேசை மேல் வைத்தார். ஒன்றே முக்கால் கப் மாவு, அள்ளி அள்ளி வேறு பாத்திரத்தில் போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. கடைசியில் அரைக் கரண்டி மீந்தது. மீந்தது கால் கப்தான், ஆனால் நாம் அளக்கிற அளவையில் அது பாதி. அதனால் மூன்றரை. விடை ஏன் முதல் எண்ணைவிடப் பெரிதாக வருகிறது என்று அதுவரைக்கும் யாரும் என்னிடம் கேட்டதில்லை, நானும் யாரிடமும் கேட்டதில்லை.

அறிமுகப் பாடத்தில் 45 மணி நேரம் பொதுப் பள்ளி வகுப்பறையில் போய் உட்கார வேண்டும். அதற்கு முன் கைரேகை, காசநோய்ப் பரிசோதனை. காசநோய் அதிகமுள்ள நாட்டில் பிறந்தவர்கள் என்பதால் நம்மவர்களைக் கட்டாயம் பரிசோதிக்கச் சொல்வார்கள். நமக்கெல்லாம் தோளில் பி.சி.ஜி. என்கிற காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு இருக்கிறதா, தோலில் ஊசி போட்டுப் பார்க்கிற சோதனையில் வீங்கிக் காட்ட வாய்ப்பு உண்டு. எனக்கு நன்றாகவே வீங்கியது. நர்ஸம்மா முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே! மார்பு எக்ஸ்ரே எடுத்துக் காட்டிவிட்டு வந்தேன். ரத்தப் பரிசோதனையை பி.சி.ஜி. குழப்பாது. ஆரம்பத்திலேயே அதைக் கேட்டு வாங்குங்கள்.

எனக்குக் கிடைத்தது ஒரு கிண்டர்கார்டன் வகுப்பு. ஊரில் அ, ஆ, இ, ஈ என்று எழுத்தை வரிசையாகச் சொல்லி, எழுதி, பழக்குவோம். எழுத்தைப் பார்த்தால் ஒலி வந்துவிடும். ஆங்கிலத்தில் அது நடக்காது என்பதால், எழுத்தைக் காட்டுவதற்கு முன்னால் ஒலியைப் பிரித்துக் கேட்கப் பழக்குகிறார்கள். காகிதத்தில் கட்டம் கட்டமாக வரைந்து, ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு வில்லையைத் தள்ள வேண்டும். ‘ஷிப்’ என்றால் எழுத்து நான்கு, வில்லை மூன்று. என்னிடம் ஒரு பையனை ஒப்படைத்தார்கள், வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிற பிள்ளை. ‘பாக்ஸ்’ என்றேன். வாய்க்குள் மெல்லச் சொல்லிப் பார்த்து, ப், ஆ, க், ஸ் என்று நான்கு வில்லை தள்ளினான். பக்கத்தில் இருந்த பெண், அதில் மூன்று எழுத்துதான், அம்மா எழுதிக் காட்டியிருக்கிறாள் என்று சண்டைக்கு வந்தாள். அவன் என்னைப் பார்த்தான். திரும்ப ஒரு முறை சொன்னான், நான்காவது வில்லையை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். எடுக்கவே மாட்டேன் என்கிற பிடி.

படிக்கச் சொல்லிக்கொடுப்பது பற்றிக் கலிபோர்னியாவில் நடந்த சண்டை சாதாரணமானது இல்லை. 1987 பாடத்திட்டக் கட்டமைப்பு, நல்ல புத்தகங்களில் பிள்ளையை மூழ்கவிட்டால் வாசிப்பு தானே வரும் என்ற பக்கம் சாய்ந்தது. 1994 தேசிய மதிப்பீட்டில் மாநிலம் கடைசி வரிசைக்குப் போனதும், ஒலி-எழுத்து முறையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். வாசிப்பு கற்பிப்பதற்கென்றே ரைகா என்ற தனித் தேர்வு ஆசிரியர்களுக்கு வந்தது. நான் அதை எழுதித்தான் உரிமம் வாங்கினேன். 2025 ஜூலையிலிருந்து அந்தத் தேர்வு போய், வகுப்பறையில் செய்து காட்டுகிற மதிப்பீடு வந்துவிட்டது. எழுத்துத் தேர்வைவிட அது நல்லது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

2020 மார்ச்சில் எல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டது. நிலவியல் ஆய்வகம் எங்கள் சாப்பாட்டு மேசையில் நடந்தது. பெட்டியில் வந்த கற்களைப் பீங்கான் தட்டில் கீறிக் கோட்டின் நிறம் பார்ப்பேன். சுண்ணாம்புக்கல் தூளில் வினிகர் விட்டால் பொங்கும். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய கிண்டர்கார்டன் ஜூமில் இருந்துகொண்டே என் கல்லைத் திருடுவாள். அந்த வருடத்தைப் பற்றி வேறெதுவும் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

2021இல் ஸ்டேட் யுனிவர்சிட்டி வளாகங்களில் ஒன்றான சான் ஹொசே ஸ்டேட்டுக்கு மாறினேன். எடுத்தது லிபரல் ஸ்டடீஸ், பல துறைகளையும் சேர்த்துப் படிக்கிற பட்டம். அந்தப் பல்கலைக்கழகமே ஒரு ஆசிரியர் பயிற்சிப் பள்ளியாகத்தான் பிறந்தது. 1857இல் சான் பிரான்சிஸ்கோவில் மாலைப் பயிற்சிப் பள்ளி, 1862இல் மாநில அரசின் கைக்கு வந்தது, 1871இல் சான் ஹொசேக்கு இடம் மாறியது. 1882இல் லாஸ் ஏஞ்சல்ஸில் அது தொடங்கிய கிளைதான் பின்னால் யு.சி.எல்.ஏ. ஆனது. சென்னையில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி 1856இல் தொடங்கியது என்பதை நம் கணக்குக்குச் சேர்த்துக்கொள்ளலாம், ஒரு வருடம் நாம்தான் மூப்பு. அப்போது ஸ்டேட் யுனிவர்சிட்டியின் அடிப்படைக் கட்டணம் வருடத்துக்கு 5,742 டாலர். வளாகக் கட்டணம் தனி. 2024இலிருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. எச்-4 விசாவில் கூட்டாட்சி அரசின் உதவித்தொகை கிடையாது, முழுவதும் கைக்காசு.

எனக்கு அதிர்ஷ்டம் என்று சொல்ல ஒன்று நடந்தது. முன்பெல்லாம் பட்டம் முடித்தாலும் எல்லாப் பாடங்களிலும் சி.செட். என்ற தேர்வை எழுத வேண்டும். 2021இல் வந்த சட்டத்தால், லிபரல் ஸ்டடீஸ் மாதிரிப் படிப்பில் அந்தப் பாடங்களை முடித்திருந்தால் போதும் என்றாயிற்று. ஊரில் ஒரு தேர்வு வந்து என் வழியை மறித்தது, இங்கே ஒரு தேர்வு விலகி வழிவிட்டது. இரண்டிலும் என் திறமைக்குப் பங்கில்லை.

பட்டத்துக்கப்புறம் உரிம வருடம். 600 மணி நேரம் பள்ளியில் இருக்க வேண்டும், சம்பளம் கிடையாது. காலை ஏழரைக்குப் பள்ளி, மாலை வகுப்பு, இரவு பாடக் குறிப்பு. கால்டிபிஏ என்ற மதிப்பீட்டுக்கு நாம் பாடம் எடுப்பதை வீடியோ எடுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஏன் இப்படிச் செய்தேன் என்று எழுத வேண்டும். வீடியோவில் வரும் பிள்ளைகளின் பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவதே ஒரு மாத வேலை. என் கணவருக்குச் சம்பளம் வந்ததால் நான் தாக்குப்பிடித்தேன். கம்யூனிட்டி காலேஜில் என்னோடு கணக்குப் படித்தவர்களில் நன்றாகப் படித்த இருவர் இந்தக் கட்டத்தில்தான் நின்றார்கள். அவர்களில் அந்த மெக்சிகோ அம்மாவும் ஒருவர். பதினைந்து வருடம் வகுப்பறையில் உதவியாளராக இருந்தவர், அந்த வேலையை விட்டுவிட்டுச் சம்பளமில்லாமல் ஒரு வருடம் அதே வகுப்பறையில் நிற்க அவரால் முடியாது. வாசலை 46 டாலருக்குத் திறந்துவைத்துவிட்டு கடைசிப் படியை இவ்வளவு உயரமாகக் கட்டியிருப்பது எனக்குக் கொஞ்சமும் நியாயமாகப் படவில்லை. சம்பளத்தோடு பயிற்சி தரும் ரெசிடென்ஸி திட்டங்கள் இப்போது சில மாவட்டங்களில் வந்திருக்கின்றன. சேர்வதற்கு முன் விசாரியுங்கள்.

வேலை கிடைத்தபின் பணம் எப்படி என்று எல்லோரும் கேட்பார்கள். இந்த வட்டாரத்தில் ஒரு ஆசிரியர் சம்பளத்தில் தனியாக வீடு எடுப்பது சிரமம். சாண்டா கிளாரா பள்ளி மாவட்டம் 2002இலேயே ஆசிரியர்களுக்கென்று அடுக்குமாடிக் குடியிருப்பு கட்ட வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். டெஸ்டிங் கோர்ஸ் முடித்த தோழி என்னைவிட நிறையச் சம்பாதிக்கிறாள். அவள் மகன் எங்கள் பள்ளியில் சேர்ந்தபோது முதல் வாரம் என் வகுப்பு வாசலில் நின்று, “கிடைக்கணும்னு வேண்டிக்கிட்டேன் டீ, உன் கிளாஸ்” என்றாள். கிடைக்கவில்லை, எதிர் வகுப்புக்குப் போனான்.

இரண்டு பயிற்சியும் எடுத்தவள் என்ற முறையில் கேட்டால், இரண்டு ஊரும் பாதிப் பாதிதான் கொடுத்தன என்பேன். இங்கே மாவையும் அளவையையும் காட்டி வகுத்தலைப் புரியவைத்தார்கள். ஆனால் இருபத்துநான்கு பிள்ளைகள் ஆளுக்கொரு படியில் இருக்கும்போது ஒரே அறையில் எப்படி நடத்துவது என்று எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அதற்கு எனக்கு இன்றைக்கும் ஏணிப்படியும் அட்டையும்தான். பள்ளி முதல்வர் வந்து பார்த்துவிட்டு, இது எந்தப் பயிற்சிப் பட்டறையில் கற்றது என்று கேட்டார். 2007, நாமக்கல் என்றேன். கையேட்டை அனுப்ப முடியுமா என்றார். அது தமிழில் இருக்கிறது.

வருகிற எண்ணம் இருந்தால் சில விஷயம். டி.டி.எட். மதிப்பெண் சான்றிதழ்களை அரசுத் தேர்வுகள் இயக்ககத்திலிருந்து உறையிட்டு வாங்கி வாருங்கள், பாடத்திட்ட நகலையும் சேர்த்து. மதிப்பிட்டால் சில விருப்பப்பாட யூனிட்டாவது தேறலாம், எனக்குத் தேறியது. பிளஸ் டூ சான்றிதழை மறக்க வேண்டாம். கணிதப் பாடத்தைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். ஸ்டேட் யுனிவர்சிட்டியில் இலையுதிர் பருவச் சேர்க்கைக்கு முந்தைய வருடம் அக்டோபர் 1 அன்றே விண்ணப்பம் திறந்துவிடும், நம்மாட்கள் ஜனவரியில்தான் விசாரிக்கவே ஆரம்பிக்கிறார்கள். அப்புறம், கரன்ட் பில்லை இப்போதே உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.